எடை பார்க்கும் நாள்

வெந்நீர் அடுப்புச் சாம்பலைக் கொட்டப் போன பிரபா, குழியோரத்தில் எறும்பு வரிசையைப் பார்த்தாள். வரிசை ஒரு காலித் தீவனச் சாக்குக்கு அடியில் போய் முடிந்தது. சாக்கைத் தூக்கினாள். இரண்டு சப்பாத்தி. நேற்று இரவு அவள் சுட்டவை. ஒரு கடிகூடக் கடிக்காமல் அப்படியே இருந்தன. சுண்டல் தனியாக ஒரு நோட்டுத் தாளில் சுருட்டியிருந்தது.

மணி ஆறுகூட ஆகவில்லை. கோழி ஷெட்டுப் பக்கம் மணிமாறன் யாரிடமோ போனில் பேசுவது கேட்டது. அவள் அவசரமாகச் சப்பாத்தியைக் குழிக்குள் போட்டு மேலே சாம்பலைக் கொட்டினாள். கணவன் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதுதான் முதலில் தோன்றியது. மகள் நேற்று ராத்திரி பட்டினி என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

உள்ளே வந்தால், கவிழ்த்து வைத்த சாப்பாட்டு டப்பா. நேற்று அபிநயா டப்பாவைப் பள்ளிக்கூடத்திலேயே கழுவிக் கொண்டுவந்திருந்தாள். பதினோரு வருடத்தில் ஒரு நாளும் செய்யாத காரியம். புள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று பிரபா மனதுக்குள் பூரித்துப்போயிருந்தாள்.

அப்படியென்றால் மத்தியானமும் இல்லை.

இன்று சேலத்துக்குப் போக வேண்டும். டாக்டர் ஸ்ரீதேவி இரண்டாம் தடவை எடை பார்க்கும் நாள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு அபிநயாவின் கழுத்தைப் பார்த்துவிட்டு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தது. கழுத்தைச் சுற்றிக் கருப்பாகப் பட்டை படிந்திருந்தது. அழுக்கு என்று நினைத்து பிரபா ஒரு வருடமாகக் கடலை மாவு போட்டுத் தேய்த்திருக்கிறாள். தோல்தான் சிவந்தது. அது அழுக்கு இல்லை, இந்த எடை உடம்புக்குள் சர்க்கரையின் வேலையைக் கெடுக்க ஆரம்பித்துவிட்டதற்கு அடையாளம் என்று சேலம் ஃபேர்லேண்ட்ஸ் கிளினிக்கில் டாக்டர் சொன்னார். சொன்ன விதத்தில் மிரட்டல் இல்லை.

"எடைய எறக்க வேண்டாம். இவ இன்னும் வளர்வா. ஏறாம நின்னாப் போதும், உயரம் வந்து சரிபண்ணிக்கும். வீட்ல நாலு பேரும் ஒரே சாப்பாடு சாப்பிடுங்க, ஒண்ணா உக்காந்து சாப்பிடுங்க. இவளுக்குன்னு தனியா ஒண்ணும் வேண்டாம்."

இரண்டு தடவை சொன்னார். மணிமாறன் இரண்டு தடவையும் தலையாட்டினான். கிளம்பும்போது கதவருகில் நின்று திரும்பிக் கேட்டான்: "ஒரு நாளைக்கு எத்தன கிராம் குடுக்கலாமுங்க?"

கோழி வளர்ப்பில் புதுச்சத்திரம் சுற்றுவட்டாரத்தில் அவனுக்கு நல்ல பெயர். கம்பெனிக்காரர்கள் குஞ்சையும் தீவனத்தையும் கொண்டுவந்து இறக்குவார்கள். நாற்பது நாள் வளர்த்தால் கம்பெனி லாரி வந்து கோழியைப் பிடித்துக்கொண்டு போகும். ஷெட் வாசலில் ஒரு அட்டை தொங்கும். இன்றைக்கு எவ்வளவு தீவனம் போட்டது, கோழி என்ன எடை நிற்கிறது, எல்லாம் அதில் ஏறும். தீவனம் இவ்வளவு போனால் எடை இவ்வளவு வர வேண்டும். வராவிட்டால் எங்கேயோ கோளாறு. பன்னிரண்டு வருடமாக அவன் அந்த அட்டையை நம்பி ஏமாந்ததில்லை.

சேலத்திலிருந்து வந்த மறுநாள் அதே மாதிரி ஒரு அட்டையைச் சமையலறை நிலையில் ஆணியடித்து மாட்டினான். மேலே 'அபிநயா' என்று பட்டையாக எழுதினான். காலை ஒன்றரை இட்லி, மத்தியானம் ஒரு கரண்டிச் சோறு, ராத்திரி இரண்டு சப்பாத்தி. ஞாயிற்றுக்கிழமைதோறும் தீவன மூட்டை நிறுக்கும் தராசில் மகளை ஏற்றி எடையைக் குறித்தான்.

சின்னவள் வெண்ணிலாவுக்கு அட்டை கிடையாது. ஏழு வயதில் குச்சி மாதிரி இருக்கிறாள், அவளுக்கு எதற்கு? மிக்சர், கேக், சாயங்காலம் வெளியே போனால் பரோட்டா. மணிமாறனுக்கும் அட்டை கிடையாது. சின்னவளைக் கூட்டிக்கொண்டு போய் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்து, வாயைக் கொப்பளித்துவிட்டுப் பெரியவளின் அட்டையை நிரப்புவான்.

அவனிடம் கெட்ட எண்ணம் துளியும் இல்லை என்பது பிரபாவுக்குத் தெரியும். அவன் அண்ணன் பச்சமுத்துவுக்கு நாற்பது வயதுக்குள் சர்க்கரையில் கால் கட்டைவிரலை எடுத்தார்கள். அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் மணிமாறன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றதை அவள் பார்த்திருக்கிறாள். மகள் கழுத்தில் அந்தப் பட்டையைப் பார்க்கும்போதெல்லாம் அவன் முகம் அன்று போலவே ஆகிவிடும்.

ஆனாலும் ஒன்றரை இட்லியைத் தின்றுவிட்டு வெறும் தட்டை வழித்துக்கொண்டிருக்கும் மகளைப் பார்க்க பிரபாவால் முடியவில்லை. அவன் ஷெட்டுக்குப் போனதும் ஒரு கரண்டிச் சோறு கூடுதலாக வைத்தாள். அப்புறம் நெய். அப்புறம் முட்டை. பள்ளிப் பைக்குள் ஒரு பிஸ்கட் பொட்டலம். ஞாயிற்றுக்கிழமை தராசு இறங்காது. மணிமாறன் அட்டையைப் பார்ப்பான், தராசைப் பார்ப்பான். "போடறதுக்கும் எடைக்கும் பொருந்தலியே" என்று சோற்றில் ஒரு பிடி குறைப்பான். அவன் குறைக்கக் குறைக்க இவள் கூட்டினாள். இரண்டு மாதத்துக்கு மேல் இப்படியே போனது. அபிநயா அப்பா கொடுப்பதைத் தின்றாள், அம்மா கொடுப்பதையும் தின்றாள். இரண்டு பேரிடமும் ஒன்றும் கேட்கவில்லை.

பத்து நாள் முன்னால் கம்பெனி சூப்பர்வைசர் சிவபிரகாஷ் ஷெட்டைப் பார்த்துவிட்டுக் காபி குடிக்க வீட்டுக்கு வந்தான். சமையலறை நிலையில் தொங்கிய அட்டையை எட்டிப் பார்த்தான்.

"ஏனுங்ண்ணா, இந்த பேட்ச்ச எப்பப் புடிக்கறதா உத்தேசம்? லாரி அனுப்பட்டுமா?"

மணிமாறன் சிரித்தான். வந்தவன் முன்னால் சிரித்து வைப்பதுபோலத்தான் சிரித்தான். உள்ளறையில் அபிநயா வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பென்சில் சத்தம் நின்றது.

அன்று சாயங்காலம் அவள் அப்பாவிடம் நேராகப் போய்க் கேட்டாள். "அட்டைய எப்பங்ப்பா கழட்டுவீங்க?"

"டாக்டரம்மா தராசுல மூணு கிலோ எறங்கிக் காட்டு சாமி. அன்னிக்கே கழட்டீர்றேன்."

இப்போது பிரபா குளியலறை வாசலில் காத்திருந்தாள். அபிநயா ஈரத் தலையோடு வெளியே வந்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"நேத்து மத்தியானம் சோத்த என்ன பண்ணுன?"

"தின்னேன்."

"ராத்திரி சப்பாத்தி?"

அபிநயா துண்டை முறுக்கினாள்.

"சாக்குக்கு அடியில பாத்துட்டேன் கண்ணு."

மகள் முதலில் ஷெட் பக்கம்தான் பார்த்தாள். "அப்பாகிட்ட சொல்லீட்டியா?"

"இல்ல."

"சொல்லாதம்மா. இன்னிக்கு மட்டும். எடை பாத்த ஒடனே தின்னுக்கறேன்."

"எப்பருந்து திங்கல?"

"நேத்து வெடியால இட்லி தின்னனே. நீதான வெச்ச."

"தண்ணி?"

"வாய் கொப்பளிச்சேன்."

பிரபா சமையலறைக்குள் ஓடி ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்தாள். அபிநயா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அர டம்ளரே நூறு கிராம்மா."

"இதெல்லாம் ஆரு உனக்குச் சொல்லிக் குடுத்தா?"

"ஆரும் சொல்லல. எனக்கே தெரியும்." குரல் இறங்கியது. "அந்த அட்ட போயிரும்மா. அப்பா வாக்குக் குடுத்திருக்காரு."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பிரபா என்ன செய்கிறோம் என்று தெரியாமல் மோரைத் தானே மடமடவென்று குடித்தாள்.

மணிமாறன் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தான். போன ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாகத் தராசு கொஞ்சம் இறங்கியிருந்தது. அந்தச் சந்தோஷம் இன்னும் முகத்தில் இருந்தது. "பாப்பா தின்னாச்சா?" என்று பேனாவை எடுத்தான். டாக்டர் சாப்பிட்டுவிட்டே வரச் சொல்லியிருந்தார், ரத்தம் எடுக்கப் போவதில்லை.

"ஆச்சுங்க" என்றாள் பிரபா. "ஒன்றர."

அவன் எழுதினான்.

வெண்ணிலாவையும் கூட்டிவரச் சொல்லியிருந்தார் டாக்டர். "அவளுக்கென்ன, நல்லாத்தான இருக்கறா. படிப்பு கெட்டுப்போவும்" என்று மணிமாறன் அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தான். மூவரும் ஹைவேயில் நின்று சேலம் பஸ் ஏறினார்கள்.

பங்குனி வெயில் எட்டரைக்கே ஜன்னல் கம்பியைச் சுட வைத்திருந்தது. பெண்கள் சீட்டில் அபிநயா ஜன்னலோரம், பிரபா நடுவில். ஆண்டகளூர் கேட்டில் ஏறிய ஒரு அம்மாள் பையோடு வந்து மூன்றாவதாக உட்கார்ந்தாள். பாதி வெளியே தொங்கினாள்.

"கொஞ்சம் அக்கட்டால தள்ளு பாப்பா. ரெண்டு பேரு எடத்த ஒருத்தியே புடிச்சுக்கிட்டா நாங்க எங்க போறது?"

பிரபாவுக்குக் காது சூடேறியது. பதில் வாய்க்குள்ளேயே நின்றது. எப்போதும் அப்படித்தான். பின் சீட்டுக் கம்பியைப் பிடித்து நின்ற மணிமாறன் மகளுக்குப் பரிந்து பேசுவதாக நினைத்துக்கொண்டு சொன்னான்.

"கொறஞ்சுருமுங்க. வைத்தியம் பாத்துட்டிருக்கறோம்."

அபிநயா ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள். மல்லூர் தாண்டும்போது கண்ணை மூடினாள். பிரபா அவள் கையைத் தொட்டுப் பார்த்தாள். அந்த வெயிலிலும் விரல் சில்லென்றிருந்தது. பையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. மூடியைத் திருகினாள். சத்தம் கேட்டதும் மகள் கண்ணைத் திறக்காமலே தலையை ஆட்டினாள்.

பத்தரைக்குப் பதினாலாம் டோக்கன் கொடுத்தார்கள். பதினொன்றுக்குக் கூப்பிட்டுவிடுவார்கள், பதினொன்றேகாலுக்குள் இவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிடலாம் என்று பிரபா கணக்குப் போட்டு வைத்திருந்தாள். நர்ஸ் வெளியே வந்து, டாக்டர் அவசரமாக ஒரு பிறந்த குழந்தையைப் பார்க்கப் போயிருக்கிறார், நேரமாகும் என்றாள்.

"எவ்வளவு நேரமுங்க?" இது அபிநயா கேட்டது.

"தெரியல பாப்பா. ஒரு மணி நேரம்னு வெச்சுக்கோயேன்."

மணிமாறன் வெளியே போய் டீயும் வடையும் சாப்பிட்டுவிட்டு வந்தான். ஒரு மணி நேரம் ஒன்றரை ஆனது. ஹாலில் ஒரு கைக்குழந்தை விடாமல் அழுதது. அபிநயா சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதட்டை நக்குவதும் நிறுத்துவதும் பிரபாவுக்குத் தெரிந்தது. ஒரு தடவை தலை லேசாக முன்னால் சரிந்து திரும்ப நிமிர்ந்தது.

பிரபா எழுந்தாள். நர்ஸ் உட்கார்ந்திருந்த மேஜைக்கு நேராக நடந்தாள். இருபதடிகூட இருக்காது. சொல்ல வேண்டியதை நடக்கும்போதே கோத்துக்கொண்டாள்: புள்ள ஒண்ணும் திங்கலீங்க, தண்ணிகூடக் குடிக்கலீங்க.

"சொல்லுங்க" என்றாள் நர்ஸ்.

பிரபா திரும்பிப் பார்த்தாள். அபிநயா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மணிமாறனும்.

"பாத்ரூம் எங்கிட்டுங்க?"

போய் உள்ளே தாழ்ப்பாள் போட்டு நின்றாள். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள். அந்தத் தண்ணீர் உதட்டில் பட்டது. உடனே துடைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டு நாற்பதுக்கு டோக்கனைக் கூப்பிட்டார்கள். அபிநயா செருப்பைக் கழற்றினாள். தலையில் குத்தியிருந்த கிளிப்பையும் கழற்றி அம்மா கையில் கொடுத்தாள். எடை மெஷினில் ஏறும்போது கொஞ்சம் ஆடினாள். நர்ஸ் தோளைப் பிடித்துக்கொண்டு எண்ணைப் படித்தாள்.

"ஐம்பத்தெட்டு புள்ளி ரெண்டு. போன தடவ அறுபத்தொண்ணு நாலு."

"மூணு கிலோ எரநூறு" என்றான் மணிமாறன். மகள் தலையில் கை வைத்தான். "செயிச்சுட்ட சாமி. இன்னிக்குப் போன ஒடனே கழட்டீர்றேன். சத்தியமா."

அபிநயா சிரித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

டாக்டர் ஸ்ரீதேவி முகம் கழுவிய ஈரத்தோடு வந்து உட்கார்ந்தார். எடையைப் படித்துவிட்டுச் சிரிக்கவில்லை. நாக்கை நீட்டச் சொன்னார். புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டார். நாடியைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"காலைல என்ன சாப்பிட்டா?"

"ஒன்றர இட்லிங்க" என்றான் மணிமாறன். "புதினாச் சட்டினி. எண்ண சேக்கலீங்க."

"நேத்து ராத்திரி?"

"ரெண்டு சப்பாத்தி. சுண்டல் ஒரு கரண்டிங்க. மத்தியானம் சோறு, கீரக்கூட்டு." மனப்பாடமாகச் சொன்னான்.

"அபிநயா, சரியா?"

"ஆமாங்க டாக்டர்."

டாக்டர் பேனாவை எடுத்தார். அப்புறம் பிரபாவைப் பார்த்தார். "சரிங்கம்மா? அடுத்த மாசமும் இதே மாதிரி பண்ணலாமா?"

அடுத்த மாசமும்.

அபிநயா மேஜைக்கடியில் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பிடியில் வலுவே இல்லை. பிரபா குனிந்து அந்த விரல்களைப் பார்த்தாள்.

"இல்லீங்க" என்றாள்.

"கேக்கல. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

"அவ திங்கலீங்க. நேத்து வெடியால தின்னதுதானுங்க. தண்ணியுங்கூடக் குடிக்கலீங்க."

மணிமாறன் நாற்காலியில் திரும்பினான். "என்ன பேசற நீ? வெடியால எழுதுனனே."

"நாஞ் சொன்னது பொய்யிங்க." இனி நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் மேஜை விளிம்பைப் பார்த்துச் சொன்னாள். "அது மட்டுமில்லீங்க. நீங்க ஷெட்டுக்குப் போனதுக்கப்பறம் நான் குடுத்துட்டிருந்தேன். சோறு, நெய்யி, முட்ட, பிஸ்கட்டு. அதனாலதான் எடை எறங்கல. நீங்க கொறச்சீங்க, நான் இன்னும் எச்சாக் குடுத்தேன். அந்தச் சூப்பர்வைசர் பேசுனதுலருந்து இவ மத்தியானச் சோத்தயும் எறிஞ்சிருக்கோணுமுங்க. எனக்கு நேத்து வரைக்கும் தெரியல."

"ரெண்டு மாசமாவா?"

"ஆமாங்க."

"அப்ப நான் எழுதுனது பூராவும்..." அவன் முடிக்கவில்லை. பிரபா அடிக்குத் தயாராவதுபோலத் தோளைக் குறுக்கிக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அவன் கை ஓங்கியதில்லை. ஆனாலும் உடம்பு குறுகியது.

டாக்டர் அதற்குள் மணியடித்துவிட்டார். நர்ஸ் வந்து விரல் நுனியில் குத்திச் சர்க்கரையைப் பார்த்தாள். "கொஞ்சம் குறைஞ்சிருக்கு, பயப்பட வேண்டாம்" என்றார் டாக்டர். உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கலக்கி வந்தார்கள். அபிநயா டம்ளரை வாங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வரவில்லை, முகம் மட்டும் அழுதது.

"ஏம்மா சொன்ன? எடைதான் பாத்தாச்சே. இன்னும் ஒரு நிமிசந்தான."

"நான் எப்பக் கண்ணு உன்னயப் பட்டினி கெடக்கச் சொன்னேன்?" மணிமாறன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருந்தான். "ஒருக்காவாச்சும் சொன்னனா?"

"கோழி புடிக்க லாரி வர்றதுக்கு முந்தித் தீவனத் தட்டயெல்லாம் மேல தூக்கிக் கட்டுவீங்கல்லங்ப்பா" என்றாள் அபிநயா. "போன பேட்ச்சுக்கு லாரி லேட்டா வந்துச்சு. தீனி இல்லாம மணிக்கு மணி எடை எறங்குதுன்னு அந்த மாமாகூட நீங்க சண்ட போட்டீங்க. அப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

வெளியே அந்தக் கைக்குழந்தை அழுகையை நிறுத்தியிருந்தது.

"அந்த மாமா லாரி அனுப்பட்டுமான்னு கேட்டப்ப நீங்களுஞ் சிரிச்சீங்க" என்று சேர்த்துச் சொன்னாள். அப்புறம் டம்ளரை வாங்கிக் குடித்தாள். நிறுத்தாமல் குடித்தாள்.

மணிமாறன் உட்கார்ந்தான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்து எடுத்தான்.

டாக்டர் புத்தி எதுவும் சொல்லவில்லை. புதிதாக ஒரு தாளை எடுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். "நேத்து ராத்திரி நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

"நானுங்களா?"

"நீங்கதான்."

"எனக்கென்னங்க. கெடைக்கறதத் தின்னுக்குவேன்."

"நேத்து என்ன கெடச்சுது?"

"பரோட்டாங்க. மூணு." கொஞ்சம் நிறுத்தி, "நாலுங்க" என்றான்.

"யாரோட?"

"சின்னவளோட."

"அபிநயா எங்க இருந்தா?"

"ஊட்ல." அவன் மகளைப் பார்க்கவில்லை. "அவள வர வேண்டாம்னு சொல்லீட்டுப் போனமுங்க."

டாக்டர் எழுதினார். பிரபாவிடமும் கேட்டார். பிரபா யோசித்துப் பார்த்தாள். நேற்று ராத்திரி தான் என்ன சாப்பிட்டோம் என்பது அவளுக்கு நினைவில்லை. அடுப்படியில் மிஞ்சியிருந்ததை நின்றுகொண்டே தின்றிருக்க வேண்டும். அதையும் எழுதிக்கொண்டார்.

"அடுத்த மூணு மாசத்துக்கு இவ இங்க வர வேண்டாம். வீட்லயும் தராசு வேண்டாம். நீங்க ரெண்டு பேரும் வாங்க."

"நாங்க மட்டும் வந்து என்னங்க பண்றது? வைத்தியம் அவளுக்குத்தான?"

"அவளுக்குத்தான். சமைக்கிறது நீங்க, வாங்கிட்டு வர்றது நீங்க, யாருக்கு எவ்வளவுன்னு முடிவு பண்றதும் நீங்க. அவளக் கூப்பிட்டு நான் என்ன பேசறது? மாசா மாசம் ரெண்டாவது செவ்வாய்க்கெழம."

"வர்ற மாசம் செவ்வாய்க்கெழம குஞ்சு எறக்குவாங்களே" என்றான் அவன்.

"அப்ப புதன்கெழம."

அவன் உள்ளங்கையில் தேதியைக் குறித்துக்கொண்டான்.

வெளியே வந்தபோது மணி ஒன்றரை. மெதுவாக ஏதாவது சாப்பிட வையுங்கள், முதலில் ரசம் சோறு என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்த தெருமுனையில் ஒரு மெஸ். மேஜைமேல் இலை போட்டார்கள். மணிமாறன் அபிநயாவுக்கு எதிரில் உட்கார்ந்தான், பிரபா அவள் பக்கத்தில். கிளினிக்கிலிருந்து இங்கே வரும்வரை அவன் பிரபாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ் ஏறி வீட்டுக்குப் போனதும் என்ன நடக்கும் என்று அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பரிமாறுகிறவர் வாளியிலிருந்து சோற்றைக் கவிழ்த்தார். அபிநயாவின் இலையில் குவியலாக விழுந்தது. அவள் கையைக் கழுவிவிட்டு வந்திருந்தாள். ஆனால் கை மடியிலேயே இருந்தது. ரசம் ஊற்றினார்கள். சோறு ஆவி பறந்து அடங்கியது. அவள் தொடவில்லை. இலையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், திரும்ப இலையைப் பார்த்தாள்.

மணிமாறன் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "தின்னு சாமி" என்றான்.

கை அசையவில்லை.

அப்போதுதான் பிரபாவுக்குத் தோன்றியது. இவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது இந்தப் பெண் ஒரு வாய்கூட நிம்மதியாகத் தின்றதில்லை. அட்டைக்காக, வீட்டில் இருந்த வேளையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவர். அவர் தலை மறைந்த பிறகு, அவசரமாக, நிலைப்படியைப் பார்த்துக்கொண்டே தின்ன வைத்தவள் பிரபா.

மணிமாறனுக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். நாற்காலியைப் பின்னால் தள்ளினான். "நீங்க தின்னுட்டு வாங்க. நான் வெளிய நிக்கறேன்."

"எங்க போறீங்க?" என்றாள் பிரபா. கணவனை அவள் அந்தக் குரலில் கூப்பிட்டதே இல்லை. பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் சொன்னாள். "உக்காருங்க. உங்களுக்குந்தான் எல போட்டிருக்குது. உங்க எலயப் பாத்துத் தின்னுங்க."

அவன் நின்றான். முகம் இறுகியது. பிரபா கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் அவ்வளவுதான் என்றிருந்தது. அவன் மெதுவாக நாற்காலியை முன்னால் இழுத்து உட்கார்ந்தான்.

சோற்றைப் பிசைந்தான். குனிந்து ஒரு வாய் தின்றான். இன்னொரு வாய். பிரபாவும் தின்ன ஆரம்பித்தாள். உட்கார்ந்து தின்பதே விநோதமாக இருந்தது. மூன்றாவது வாய்க்குப் பிறகு பக்கத்தில் இலை சரசரத்தது. அவள் திரும்பவில்லை. மணிமாறனும் நிமிரவில்லை. அவன் காது மட்டும் சிவந்திருந்தது.

"நெம்பக் காரம்" என்றாள் அபிநயா, யாரிடமும் இல்லாமல்.

"ஆமா, மொளகு எச்சா இருக்குது" என்றான் அவன் இலையைப் பார்த்தபடி.

அபிநயாவின் இலையில் குவியல் பாதிக்குமேல் இறங்கியது. அப்புறம் வேகம் குறைந்தது. பரிமாறுகிறவர் இரண்டாவது தடவை வாளியோடு வந்தார். மணிமாறன் பக்கம் கரண்டியை நீட்டினார். அவன் கையைக் குறுக்கே வைத்தான்.

"பாப்பாவுக்கு வெக்கட்டுமாங்க?" என்று அவனிடமே கேட்டார்.

பிரபாவின் கை வாயருகில் நின்றது. மணிமாறன் நிமிர்ந்தான். மகளின் இலையைப் பார்த்தான். பதில் அவன் நாக்கு நுனிவரை வந்துவிட்டதை அவள் பார்த்தாள். இந்த மூன்று மாதமாக அவன்தான் அந்தப் பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அவளக் கேளுங்க" என்றான்.

பரிமாறுகிறவர் அபிநயாவைப் பார்த்தார். அவள் உடனே சொல்லவில்லை. அப்பாவையும் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. இடது கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு யோசித்தாள். அவர் வாளியோடு காத்துக்கொண்டு நின்றார்.